இரத்தம் தொடாத ஓக் கிளை

வுஸ்ட்ரின்,
மே 27

ஹோல்கர்,

போனில் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் தாளும் பேனாவும்.

நவம்பர் வேட்டையைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன். ஒரே ஒரு வரி எழுதிவிடுகிறேன். நம்மோடு வேட்டையாடும் ஊவேயின் நாய் ஃபென்யா, காட்டுப்பன்றி கிழித்த வயிற்றோடு கிடந்தபோது, வேட்டை முடிந்ததென்று கொம்பு ஊதும்வரை காத்திராமல் என் இடத்தை விட்டு ஓடினேன். வேட்டைத் தலைவனான நீ, எல்லோரும் பார்க்க, துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லி என்னைக் காருக்கு அனுப்பினாய். நாய் பிழைத்தது. நம் பேச்சு நின்றது.

இனி காரியம். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் எங்கள் பக்கத்துக் காட்டுக்கு வந்துவிட்டது. செத்த காட்டுப்பன்றி ஒன்றை வனக்காவலர் கண்டெடுத்தார். என் பன்றிகள் கொட்டகையில் அடைபட்டவை அல்ல, வெளியில் மேய்கிறவை என்பது உனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றுக்கு வந்தாலும் கால்நடைத் துறை அத்தனையையும் கொன்று புதைக்கும். இரண்டடுக்கு வேலி போட்டிருக்கிறேன். வடக்கு வேலியில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் வெளிச்சம் மங்கினதும் வந்து மூக்கால் முட்டுகிறது. வேலி எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது.

நம் மாநிலத்தில் காட்டுப்பன்றிக்கு மட்டும் இரவுநோக்கி அனுமதி இருக்கிறது. ஊருக்குள் துப்பாக்கிக் கடைக்காரனிடம் போனேன். "மேடம், இத மாட்டிட்டீங்கன்னா நீங்க கஷ்டப்படவே வேணாம், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்"னான். "அப்ப அதையே பரண்ல உக்கார வெச்சிடலாமே, நான் எதுக்கு?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

நீ மாநில அளவைச் சோதனை அலுவலகத்தில் தராசையும் கோலையும் சரிபார்க்கிறவன். இந்தக் கருவியை இரண்டு வருடமாக வைத்திருக்கிறவன். எதை வாங்குவது, என் துப்பாக்கியில் எப்படி மாட்டுவது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

கெசீனே ராட்கே


ஸ்வெரின்,
மே 31

மதிப்பிற்குரிய திருமதி ராட்கே அவர்களுக்கு,

தாங்கள் கேட்டதற்கு மட்டும் விடையளிக்கிறேன்.

முதலாவது, சட்டம். தனக்கென்று குறிக்கோடு, அதாவது குறிவைக்க உதவும் சிலுவைக் கோடு, கொண்ட இரவுக் குறிநோக்கி நமக்குத் தடை செய்யப்பட்டது. நாம் பயன்படுத்தத்தக்கது, பகல் தூரநோக்கியின் முன்வாயில் பொருத்தும் துணைக்கருவியே. அதில் குறிக்கோடு இராது. பகலில் பழகிய அதே குறிக்கோட்டின் வழியாகவே நாம் பார்க்கிறோம். இது சட்டத்துக்கு மட்டுமல்ல, சுடுபவருக்கும் நன்மை. துப்பாக்கியும் கன்னத்தின் இருப்பும் விரலும் மாறுவதில்லை. மாறுவது ஒளி ஒன்றே.

இரண்டாவது, தேர்வு. எஞ்சிய ஒளியைப் பெருக்கிக் காட்டும் குழல் ஒரு வகை. உடற்சூட்டைப் படமாக்கும் வெப்பக் கருவி மற்றொன்று. மூடுபனியிலும் புதர்நிழலிலும் வெப்பக் கருவியே மேல் என்பது என் அனுபவம். ஆகவே அதையே பரிந்துரைக்கிறேன். எந்தக் கருவியாயினும் தூரநோக்கியின் உருப்பெருக்கத்தை ஐந்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். பெரிதாவது பன்றியன்று, படத்தின் புள்ளிகள்.

மூன்றாவது, பொருத்தும் முறை. தூரநோக்கி முன்வாயின் வெளிவிட்டத்தை வெவ்வேறு திசைகளில் அளந்து, அதற்கெனக் கடைந்த வளையத்தையே வாங்குங்கள். ஒட்டுநாடா சுற்றிச் சரிக்கட்டும் பழக்கம் கூடாது. வளையத்தை இறுக்கும்போது குழாய் நசுங்கினால் உள்ளே கண்ணாடி கோணிவிடும். கருவி ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் அமர, இரண்டின் மேலும் வெள்ளை மையால் ஒரே கோடு இட்டுக்கொள்ளுங்கள். முதலில் கருவியின்றி நூறு மீட்டரில் சுட்டுப் பாருங்கள். பிறகு மாட்டிச் சுடுங்கள். கழற்றி மறுபடி மாட்டிச் சுடுங்கள். தூரநோக்கியின் திருகுகளைத் தொடாதீர்கள்.

நான்காவதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தோட்டா தவறினால் போய் விழும் மண்மேடு எது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துத் தீர்மானியுங்கள். இருட்டில் எந்தக் கருவியும் அதைக் காட்டாது.

தாங்கள் அந்த ஒரு வரியை எழுதியதால் நானும் ஒரு வரி எழுதுகிறேன். சுடும் வரிசையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை நம்பித்தான் பக்கத்தில் நிற்பவர் விசையைத் தொடுகிறார். அன்று செய்ததை நான் இன்றும் செய்வேன்.

தங்கள்,
ஹோல்கர் டெஸ்மர்


வுஸ்ட்ரின்,
ஜூன் 9

திருமதி ராட்கேயாம்! பன்னிரண்டு வருடம் ஒரே காட்டில் வேட்டையாடி, ஒரே டப்பாவிலிருந்து கல்லீரல் சாசேஜ் தின்றவர்கள் நாம். உன் கடிதத்தை ஊவேயிடம் காட்டினேன். "முத்திர குத்தாம எப்படி அனுப்பினாரு?"ன்னு கேட்டான்.

ஆனாலும் நாலு தடவை படித்தேன். மண்மேட்டை நடந்து பார்த்தேன். வடக்கு வேலியை ஒட்டிப் பழைய மணல்குழிக் கரை இருக்கிறதல்லவா, அதை நோக்கி மட்டும் சுடும்படி பரணை நகர்த்தி வைத்தேன். பரணின் கைப்பிடியில் இடமும் வலமும் கட்டை அடித்துவிட்டேன். அதற்கு அப்பால் துப்பாக்கி திரும்பவே திரும்பாது. இதைக் கேட்டால் உனக்குத் தூக்கம் நன்றாக வரும் என்று தெரியும்.

உன் பரிந்துரையில் மட்டும் ஒன்றை நான் ஏற்கவில்லை. வனக்காவலரிடமிருந்து வெப்பக் கருவி ஒன்றும், ஊவேயிடமிருந்து குழல் ஒன்றும் இரவல் வாங்கினேன். இரண்டையும் எதன் மேல் சோதிப்பது? என்னிடம்தான் பன்றிகள் இருக்கின்றனவே! துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுக் கருவிகளை மட்டும் முக்காலியில் நிறுத்தினேன். பொழுது சாயும் நேரத்தில், முழங்கால் உயரப் புல்லில், குட்டி போட்ட ரோஸ்விதாவையும் குட்டி போடாத பெட்டைகளையும் ஊவே வாளியைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டு வந்தான். எது எது என்று நான் தூரத்திலிருந்து சொல்ல வேண்டும்.

வெப்பக் கருவியில் எல்லாம் வெள்ளை வெளேரென்று அழகாகத் தெரிந்தன. "ரோஸ்விதா வலது பக்கம்!"னு கத்தினேன். "அது ரோஸ்விதா இல்ல, போன வாரம் உன் காலக் கடிச்ச கழுத!"ன்னு பதில் வந்தது. ரோஸ்விதாவுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் அத்தனை குட்டிகள் இருந்தன. ஒன்றுகூடப் படத்தில் இல்லை. ஈரப்புல் சூட்டை மறைத்துவிடுகிறது. குழலில் பச்சை வட்டம்தான், கொஞ்சம் மணல் தூவின மாதிரி இரைச்சல்தான். ஆனால் வயிற்றின் கோடு தெரிகிறது. பால் இறங்கின மடி ஆடுவது தெரிகிறது. மூன்று நாள் மாலையில் இதையே செய்தோம். குழலில் நான் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பால் கொடுக்கிற தாயைச் சுடக் கூடாது என்பது நோய்க் காலத்திலும் சட்டம். என்ன வருகிறது என்று தெரிந்தால் போதாது. யார் வருகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால் துப்பாக்கிக்குக் குழல், தேடுவதற்குக் கையில் சின்ன வெப்பக் கருவி.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வளையம் நீ சொன்னபடி கடைந்தது. வெள்ளைக் கோடு போட்டேன். ஆனால் கழற்றிக் கழற்றி மாட்டிச் சுடும்போது, குண்டுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. இடமும் இல்லை வலமும் இல்லை, மேலே, மேலே. குழலைத் திருப்பிக் கொடுத்துவிடவா? நேற்று வேலியின் வெளியடுக்கில் ஒரு கம்பம் சாய்ந்துவிட்டது.

கெசீனே


ஸ்வெரின்,
ஜூன் 12

மதிப்பிற்குரிய கெசீனே,

திருப்பிக் கொடுக்க வேண்டாம். குழலின்மேல் குற்றம் இல்லை.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கருவியை நான் எப்படிச் சோதித்தேன் தெரியுமா? பலகையில் வெந்நீர்ப் பையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் விளிம்பு எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்று அளந்தேன். என் அளவீடு பிழையற்றது. என் கேள்வி பிழையானது. ஓர் அளவைச் சோதனையாளன் முதலில் கேட்க வேண்டியது, எதை முடிவு செய்வதற்காக இந்த அளவு என்பதே. அதை நீங்கள் கேட்டீர்கள். வாளியைத் தட்டிக்கொண்டு ஊவே விடை சொன்னார். இவ்வளவு நேர்மையான சோதனையை நான் எங்கள் அலுவலகத்தில்கூட அரிதாகவே கண்டிருக்கிறேன். என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இனி, ஏறும் குண்டுகள். வளையம் தளர்வாக இருந்தால் குண்டுகள் நாலாபுறமும் சிதறும். உங்களுடையவை சிதறவில்லை, ஒரே திசையில் படிப்படியாக நகர்கின்றன. அப்படியானால் ஏதோ ஒன்று ஒவ்வொரு வெடிக்கும் சிறிது சிறிதாக இடம் பெயர்கிறது. உங்கள் தூரநோக்கி பழைய கொக்கிப் பிடிப்பில் அமர்ந்திருக்கிறது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பிடிப்பைச் செய்தவர் தூரநோக்கியின் எடையை மட்டுமே கணக்கில் கொண்டார். இப்போது அதன் மூக்கில் அரைக் கிலோவுக்கு மேல் தொங்குகிறது. வெடியின் உதைப்பில் முன்பகுதி தாழ, பின்கொக்கி மேலெழுகிறது. நோக்கும் கோடு தாழ்ந்தால், குறியைப் பிடிக்க நீங்கள் அறியாமலே துப்பாக்கியின் வாயை உயர்த்துவீர்கள். குண்டு மேலேறும்.

ஊகத்தை நம்ப வேண்டாம், சோதியுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, பின்கொக்கியின் அடியில் மெல்லிய சிகரெட் தாளைச் செருகிப் பாருங்கள். நல்ல பிடிப்பில் அது நுழையாது. நுழைந்தால், துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துக் கொக்கியைப் புதிதாகப் பொருத்தச் சொல்லுங்கள். அதுவரை பரண் ஏறாதீர்கள். கம்பம் சாய்ந்ததை அறிவேன், இருந்தும் சொல்கிறேன். எங்கே படும் என்று தெரியாத துப்பாக்கி வேலியைக் காக்காது.

ஹோல்கர் டெஸ்மர்


வுஸ்ட்ரின்,
ஜூன் 24

ஹோல்கர்,

தாள் தங்குதடை இல்லாமல் உள்ளே போயிற்று. கம்மியர் ப்ரெட்ஷ் வாங்கிப் பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார். "இத யாரு கண்டுபுடிச்சா?"

"ஸ்வெரின்ல ஒருத்தர். கண்ணால பாக்கல. கடுதாசியிலயே சொல்லிட்டார்."

"பாக்காமலா? கம்மியரா?"

"தராசு பாக்குறவர்."

"அவரு பொண்டாட்டி பாவம்"னு சொல்லிட்டு வேலையில உக்காந்தார்.

இப்போது குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுகின்றன. எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அதே இடம். சத்தியமாகச் சொல்கிறேன், சுட்டுப் பார்த்த காகித அட்டையை அடுப்படியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தக் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்தது. மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கையிலிருந்த வெப்பக் கருவியில் முதலில் ஒரு பெரிய வெள்ளை உருவம், தனியாக. பின்னால் மணல்குழிக் கரை. பக்கவாட்டாக நின்றது. இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. அதுதான் கம்பத்தைச் சாய்த்தது என்று தோளின் அகலத்திலேயே தெரிந்தது. துப்பாக்கியை எடுத்தேன். பச்சை வட்டத்துக்குள் வந்தது. வெளிவேலியின் அடியில் மூக்கை நுழைத்துத் தூக்கியது. கம்பி முனகுவது பரண்வரை கேட்டது. உள்ளே என் பன்றிகள் அந்தச் சத்தத்துக்கு எழுந்து, வாளி வந்துவிட்டது என்று நினைத்து, உள்வேலியை நோக்கி ஓடிவர ஆரம்பித்தன. நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்தான். ஹோல்கர், என் விரல் விசைமேல் இருந்தது.

அப்போது அது ஒரு அடி முன்னால் வைத்தது. மடி ஆடியது.

புல்லில் ஒன்றுமே தெரியவில்லை. அன்று சோதனையில் ரோஸ்விதாவின் குட்டிகளும்தான் தெரியவில்லை. விரலை எடுத்தேன். துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைப் போட்டேன். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் காபி பிளாஸ்கை எடுத்து முழுபலத்தோடு வீசினேன். "போடீ! வீட்டுக்குப் போடீ, உன் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு!"ன்னு அலறினேன். அவள் திரும்பி ஓட, புல்லுக்குள்ளிருந்து கோடு போட்ட குட்டிகள் பூச்சி பறக்கிற மாதிரி கிளம்பி அவள் பின்னால் ஓடின. ஏழு.

பிளாஸ்க் உடைந்துவிட்டது. வேலி இன்னும் நிற்கிறது. காலையில் கம்பத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அவள் திரும்பி வருவாள். சுட்டிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேனோ என்று விடியும்வரை யோசித்தேன். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

கெசீனே


ஸ்வெரின்,
ஜூன் 27

அன்புள்ள கெசீனே,

உங்கள் கடிதத்தை என் மனைவி அன்கேவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "இந்தப் பொம்பளையவா நீங்க கார்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்புனீங்க?" என்றாள். "ஆமாம்" என்றேன். "நல்லாயிருக்கு உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினாள். நெடுநேரம் ஒரே இடத்தைத் துடைத்தாள்.

விதியைக் கடைப்பிடிப்பது எனக்கு எளிது. அதனால் நான் எதையும் இழந்ததில்லை. நீங்கள் உங்கள் மந்தை முழுவதையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு விரலை எடுத்தீர்கள். முப்பதாண்டு வேட்டை அனுபவத்தில் இதைவிடச் சிறந்த ஒன்றை எவரும் எனக்குச் சொன்னதில்லை.

நீங்கள் செய்தது கருணை மட்டுமல்ல, சரியான கணக்கும்கூட. அவளைக் கொன்றிருந்தால் தலைமையிழந்த கூட்டம் சிதறியிருக்கும். சிதறியவை நோயையும் சுமந்துகொண்டு எங்கும் போயிருக்கும். அவளை விட்டுவிடுங்கள். போன ஆண்டில் பிறந்த இளம்பன்றிகள் கூட்டத்தின் ஓரத்தில் வரும். அவற்றில் ஒன்றை வேலியோரத்திலேயே, அவள் கண்ணெதிரிலேயே எடுங்கள். அந்த வேலி ஆபத்து என்று கூட்டத்துக்குக் கற்றுத்தர அவளால்தான் முடியும். நீங்கள் உயிரோடு விட்டவள் இனி உங்களுக்காக வேலை செய்வாள்.

ஒரு நிபந்தனை. நீங்கள் பன்றி வளர்ப்பவர். விழுந்த பன்றியைத் தொடாதீர்கள். அதன் இரத்தம் பட்ட எதையும் தொடாதீர்கள். ஊவே எடுக்கட்டும், நோய்ச் சோதனைக்கான இரத்த மாதிரியையும் அவரே அனுப்பட்டும். நீங்கள் சாலையிலேயே நில்லுங்கள். கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

ஹோல்கர்


வுஸ்ட்ரின்,
ஜூலை 8

ஹோல்கர்,

நடந்தது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டாம்: மாதிரியில் நோய் இல்லை. கால்நடைத் துறையிலிருந்து இன்று போன் வந்தது. போனை வைத்துவிட்டுத் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

அவள் முன்னால் வந்தாள். குட்டிகளோடு தள்ளி நின்றாள். ஓரத்தில் இரண்டு இளம்பன்றிகள் சாய்ந்த கம்பத்தை முட்ட ஆரம்பித்தன. இடதுபக்கத்தது தனியாக, கரைக்கு நேராக. வயிற்றை மூன்று தடவை பார்த்தேன். சுட்டேன். பச்சை வட்டம் வெளுத்துத் திரும்பியபோது புல் மட்டும்தான் இருந்தது. நாணல்பக்கம் ஓடிவிட்டது. இறங்கவில்லை, தேடவில்லை. ஊவேயைக் கூப்பிட்டேன், விடிந்ததும் வந்தான், ஃபென்யாவோடு.

நீ சொன்னபடி சாலையில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். ஃபென்யா மோப்பம் பிடித்து நாணலுக்குள் போனதைப் பார்த்தேன், ஹோல்கர். வயிற்றில் தழும்பின்மேல் முடி வேறு நிறத்தில் முளைத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவள் குரைப்புக் கேட்டது. குண்டு நாம் காகிதத்தில் பார்த்த அதே இடத்தில்தான் பட்டிருந்ததாம்.

சுட்டவருக்கு வாழ்த்தாகக் கொடுக்கும் வழக்கப்படி ஊவே ஓக் கிளையை ஒடித்து, காயத்தில் தோய்த்து, தொப்பியில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய என்னை நோக்கி வந்தான்.

"கிட்ட வராத!"ன்னு கத்தினேன். "அங்கயே நில்லு!"

"அட, வாழ்த்துச் சொல்லி இதக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"அதுல ரத்தம் இருக்கு ஊவே. என் பன்னிங்க இருக்கு."

அவன் தொப்பியை நீட்டியபடியே சாலையின் அந்தப் பக்கம் நின்றான். முகம் விழுந்துவிட்டது. அதற்குள் ஃபென்யா வாரை உருவிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் ஒன்றும் புரியாமல் சாலை நடுவில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அவள் குடலைக் கையால் உள்ளே தள்ளிப் பொத்திப் பிடித்தவள் நான். இவளுக்காகத்தான் நீ என்னை வீட்டுக்கு அனுப்பினாய். கண்ணாடியை இறக்கக்கூட முடியவில்லை.

கிளை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். வேட்டைக்காரியாகி முதல் தடவை.

பொறு, இன்னொன்று. ஆறு நாளாக வேலிப்பக்கம் ஒரு குளம்புத் தடமும் இல்லை. அவள் வேலை செய்கிறாள்.

கெசீனே


ஸ்வெரின்,
ஜூலை 11

அன்புள்ள கெசீனே,

இத்துடன் ஓக் கிளை ஒன்று அனுப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டெதிரே, நகர நூலகத்தின் வாசலில் நிற்கும் மரத்திலிருந்து, தோட்டக்காரரின் அனுமதியோடு ஒடித்தது. அந்தத் தெருவில் காட்டுப்பன்றி நடந்ததில்லை. கையைக் கழுவி, புதிய கத்தரியால் வெட்டி, புதிய உறையில் வைத்தேன். இரத்தம் தோய்க்கவில்லை, தோய்க்காத கிளையும் கிளைதான் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த முடிவை எடுக்க வேட்டைத் தலைவனுக்கு உரிமை உண்டு. தொப்பியின் வலப்பக்கம். வேட்டை வாழ்த்து.

நவம்பரைப் பற்றி. அன்று நான் செய்தது அன்றிருந்த விதிக்குச் சரியானது; அதில் நான் மாறவில்லை. ஆனால் காயம்பட்ட நாயை எவரும் அணுகவே முடியாதபடி எழுதப்பட்ட விதி, சரியாகப் பொருத்தப்படாத கொக்கி. இடைவெளியில் தாளைச் செருகிப் பார்த்தவள் நீ. ஆகவே இவ்வாண்டு வேட்டைக்கு முன் அனைவருக்கும் நான் படிக்கப்போகும் பத்தி இது:

"நாய் காயம்பட்டால், மிக அருகில் நிற்பவர் தம் துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா அறையைத் திறந்து, தலைக்கு மேல் உயர்த்தி, 'நாய்!' என்று உரக்கக் கூவ வேண்டும். இருபுறமும் நிற்பவர்கள் அதையே திரும்பக் கூவித் தத்தம் துப்பாக்கியைத் தாழ்த்திய பின், அவர் தம் இடத்தை விட்டுச் செல்லலாம்."

ஏழு முறை திருத்தி எழுதினேன். குறையிருந்தால் சொல். நாய்களை அவிழ்த்துவிடும் இடத்துக்கு மிக அருகிலுள்ள நிலையை உனக்கு ஒதுக்கியிருக்கிறேன். அந்த இடத்தில் உன்னைத்தவிர வேறெவரையும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஹோல்கர்


வுஸ்ட்ரின்,
ஜூலை 15

ஹோல்கர்,

கிளை வாடாமல் வந்து சேர்ந்தது. தொப்பியில் வைத்துக்கொண்டு பன்றிகளுக்குத் தீவனம் போட்டேன். ரோஸ்விதா அதைத் தின்னப் பார்த்தாள்.

பாதியை ஒடித்து, காட்டுக்குப் போட்டுப்போன துணி எதுவும் படாமல், சாலையோரக் கம்பத்தில் நூலால் கட்டி வைத்தேன். ஊவே வந்து அவிழ்த்து ஃபென்யாவின் கழுத்துப்பட்டையில் செருகிக்கொண்டு போனான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

உன் பத்தியில் ஒரு குறை. துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே ஓடச் சொல்கிறாயா, வைத்துவிட்டு ஓடவா? நாய்க்கு இரண்டு கையும் வேண்டும். எட்டாவது தடவை எழுது.

நவம்பரில் வருகிறேன். மறுபடியும் ஓடுவேன். இந்தத் தடவை கத்திவிட்டு.

கெசீனே